சாப்பாட்டு மேசையில் ஆறு ஆண்டறிக்கைகள்

இன்று காலை தபாலில் ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கை வந்தது. இப்போதெல்லாம் அவை கைப்பேசியிலேயே வந்துவிடுகின்றன. இது எப்படியோ தப்பி அச்சாகி வந்திருக்கிறது. உறையைக் கிழித்ததும் வழவழப்பான தாளின் மை வாசனை எழுந்தது. உடனே எனக்குப் புளிச்சோறும் எலுமிச்சை ஊறுகாயும் நினைவுக்கு வந்தன, கூடவே நீயும். வேறு யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். அந்த மாதிரிப் புத்தகங்களை விரித்து வைத்துத்தான் நாம் தினமும் சாப்பிட்டோம் என்பது உனக்குத் தெரியும்.

இரண்டாயிரம் பிறந்த பிறகு வந்த வருடங்கள் அவை. ஓசூரில் நாம் வேலை பார்த்தது ஒரு சின்னத் தொழிற்சாலை. பெரிய கம்பெனி ஒன்றுக்கு உதிரி பாகம் செய்து கொடுப்பதுதான் பிழைப்பு. நம் முதலாளி அந்தக் கம்பெனியில் கொஞ்சம் பங்கு வைத்திருந்ததால் வருடத்துக்கு ஒரு புத்தகம் வரும். அவர் படங்களைப் பார்த்துவிட்டு நம் பக்கம் தள்ளிவிடுவார். நான் பி.காம்., அதற்கு மேல் காஸ்ட் அக்கவுண்டன்சியில் இன்டர். விருதுநகர்ப் பக்கமிருந்து கல்யாணமாகி வந்தவள், கணக்குப் பிரிவுக்குப் பொறுப்பு. நீ பக்கத்திலிருக்கும் தளி என்ற ஊர்க்காரி. வீட்டில் கன்னடம், கடையில் தெலுங்கு, என்னிடம் தமிழ். பிளஸ் டூவும், கம்ப்யூட்டரில் கணக்கு எழுதும் டாலி கோர்ஸும் முடித்துவிட்டு எனக்கு அடுத்த மேசையில் உட்கார்ந்தாய். இரண்டு வயதுதான் இளையவள், ஆனாலும் அக்கா என்பாய்.

அந்தப் பெரிய கம்பெனி பொதுமக்களிடம் டெபாசிட் வாங்கிக்கொண்டிருந்தது. பேங்க்கைவிட வட்டி அதிகம். நானும் போட்டேன். அப்பாவின் நிலத்தை விற்றதில் உன் பங்காக வந்ததை நீயும் போட்டாய். தேன்கனிக்கோட்டை ரோட்டில் வாங்கிய மனையில் அஸ்திவாரம் போட்டிருந்தாய். சுவர் எழுப்பும்வரை பணம் அங்கே இருக்கட்டும் என்றாய்.

ஒருநாள் பழைய புத்தகங்களையெல்லாம் தேடி எடுத்தாய். ஆறு வருடத்தவை கிடைத்தன, இரண்டில் சாம்பார்க் கறை. நான் லாபம் போட்ட பக்கத்தோடு நிறுத்திக்கொள்பவள். நீ நேராகக் கேஷ் ஃப்ளோ பக்கத்துக்குப் போனாய், கையில் நிஜமாகப் பணம் எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்று சொல்கிற பக்கம். எதற்கு என்று கேட்டேன்.

"எம் பணம் எங்க போச்சுன்னு பாக்கறேன்க்கா" என்றாய். இத்தனை கோடியில் உன் காசைத் தேடுகிறாயா என்று கேலி செய்தேன்.

நீ தேடியே எடுத்துவிட்டாய். தாள்களை ஒட்டி நீளமாக்கி, ஆறு வருடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினாய். தொழில் நடத்தி வந்த பணம் மேலே, கட்டடத்துக்கும் மெஷினுக்கும் போனது நடுவில், கடனாகவும் டெபாசிட்டாகவும் வந்தது கீழே. லாபம் வருடா வருடம் ஏறியிருந்தது. தொழிலில் வந்த பணமோ இறங்கிக்கொண்டே வந்து, நாலாம் வருடத்திலிருந்து கையை விட்டுப் போக ஆரம்பித்திருந்தது. விற்ற சரக்குக்குக் காசு வசூலாகவில்லை, விற்காத சரக்கு குடோனில் தேங்கிக் கிடந்தது. பழைய கடனுக்கு வட்டியும் பங்குதாரர்களுக்கு டிவிடெண்டும் புது டெபாசிட் பணத்திலிருந்து போய்க்கொண்டிருந்தன.

மதியம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது அதை என் முன்னால் விரித்தாய். "லாபம் ஏறிக்கினே போவுது, பணம் மட்டும் வரவே இல்லக்கா. நம்ம டெபாசிட்ட வச்சித்தான் நமக்கே வட்டி குடுத்துக்கினு இருக்கறாங்க. நீங்க ஒருவாட்டி பாத்து சொல்லுங்க, எனக்கு பயமா இருக்குது."

பார்த்த ஐந்து நிமிடத்திலேயே எனக்குப் பாதி புரிந்துவிட்டது. பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. ஆறு வருடம் என் தட்டுக்குக் கீழே கிடந்த விஷயம், இன்டர் படித்த என் கண்ணில் படவில்லை. டெஸ்பாட்ச் ஆட்களும் சூப்பர்வைசரும் சோற்றுக் கையோடு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் வருடத்தில் தலைப்புகளை மாற்றி அடுக்கியிருக்கிறார்கள், நீ கவனிக்கவில்லை, அதனால் உன் கணக்கு முழுக்கத் தப்பு என்றேன். அதோடு விட்டிருக்கலாம். "டாலி படிச்சவங்கல்லாம் ஆடிட்டர் ஆயிட்டா, ஆடிட்டருங்க எங்கிட்டுப் போவாங்க?" என்று வேறு கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்துவிட்டு, தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாய்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் புத்தகங்களை வீட்டில் வைத்து நானே போட்டுப் பார்த்தேன். தலைப்பு மாற்றியிருந்தது உண்மை, ஆனால் அதனால் நீ கண்டுபிடித்தது தப்பாகிவிடவில்லை. அதைச் சரிசெய்தால் நிலைமை நீ எழுதியதைவிட மோசமாக இருந்தது. செவ்வாய்க்கிழமை பல்வலி என்று பெர்மிஷன் போட்டுவிட்டு டெபாசிட் ஏஜெண்டிடம் போனேன். தவணைக்கு முன்னால் எடுத்தால் வட்டி குறையும் என்றார். குறைந்தால் குறையட்டும் என்று கையெழுத்துப் போட்டேன். மறுநாள் நீ எனக்காக ஒரு பொட்டலத்தில் கிராம்பு கொண்டுவந்தாய். வெட்கமில்லாமல் வாங்கி வாயில் அடக்கிக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து உன் டெபாசிட்டின் தவணை முடிந்தது. "திரும்பப் போடலாமாக்கா?" என்று கேட்டாய். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அன்று எல்லோர் முன்னாலும் பேசியதை நானே விழுங்க வேண்டும். உன் இஷ்டம் என்றேன். நீ போட்டாய்.

அடுத்த வருடக் கடைசியில் கம்பெனி டெபாசிட்டைத் திருப்பித் தருவதை நிறுத்தியது. பணம் போட்டவர்கள் கலெக்டருக்கு மனுக் கொடுக்கப் பட்டியல் எடுத்தார்கள். எழுதும் வேலை உன் தலையில் விழுந்தது. ஏஜெண்டின் நோட்டில் என் பெயரையும், நான் பணம் எடுத்த தேதியையும் பார்த்துவிட்டாய்.

மறுநாள் என் மேசைக்கு வந்து நின்றாய். கத்துவாய் என்று நினைத்தேன், கத்தியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். உன் முகத்தில் கோபத்துக்கு முன்னால் சந்தோஷம் வந்தது.

"அப்ப நான் போட்டது சரிதானாக்கா?"

வீடு கட்ட வைத்திருந்த பணமே போன பிறகும் நீ கேட்டது அதைத்தான். அத்தனை மாதமும் இல்லாத தப்பை அந்தத் தாளில் தேடிக்கொண்டிருந்திருக்கிறாய் என்று அப்போதுதான் தெரிந்தது. ஒரு தலையாட்டல் போதும். அதைக்கூட நான் தரவில்லை. பெண்ணின் ஸ்கூல் ஃபீஸுக்காக எடுத்தேன், உன் கணக்கை வைத்து எடுக்கவில்லை என்றேன். "சரிக்கா" என்று போய்விட்டாய். அந்த மாதமே கிருஷ்ணகிரிப் பக்கம் வேறு வேலைக்கு மாறினாய். நாலைந்து வருடம் கழித்து, மஞ்சள் காமாலையில் நீ போய்விட்டாய் என்று டெஸ்பாட்ச் ஆள் ஒருவர் சொன்னார். துக்கத்துக்கு நான் வரவில்லை. உன் வீட்டார் எந்த வாடகை வீட்டில் இருக்கிறார்கள் என்று விசாரிக்கவே கூசியது.

இப்போது ஆபீசில் எனக்கு நல்ல பெயர். எந்தக் கம்பெனியோடு வியாபாரம் என்றாலும் மேடம் ஐந்தாறு வருடக் கேஷ் ஃப்ளோவை ஒட்டிப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார்கள் என்கிறார்கள். இதை எங்கே கற்றீர்கள் என்று போன மாதம் ஒரு பெண் கேட்டாள். அனுபவம் என்றேன். உன் பெயரைச் சொல்ல அப்போதும் வாய் வரவில்லை.

நீ போட்டது சரி. ஆறு வருடமும் சரி. இதைச் சொல்வதால் இன்று எனக்கு ஒரு பைசா நஷ்டமில்லை, கேட்டுச் சிரிக்கவும் யாருமில்லை. அதனால்தான் சொல்கிறேன்.