குணம் அண்ணனோடு ஏறிய மலை

11.03.2025, செவ்வாய்

ஹோட்டலில் இன்றும் கூட்டம். பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டே சட்டி கழுவினேன். நோன்பு திறந்தது அவ்வளவுதான்.

வரும் வழியில் குணம் அண்ணன் பனி வாரும் வண்டியை நிறுத்திக் கதைத்தார். அவர் தமிழ் ஊரான பாண்டிருப்பு, நான் முஸ்லிம் ஊரான கல்முனைக்குடி. ஊரில் சைக்கிளில் போகிற தூரம். அங்கே இருந்திருந்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருக்க மாட்டோம். இந்தச் சுவிஸ் பள்ளத்தாக்கில் எங்கள் பேச்சைக் கதைக்க அவருக்கு நான், எனக்கு அவர்.

"பெருநாள் முடியட்டும். உன்ன அந்தப் பெரிய மலைக்குக் கூட்டிப் போறன்," என்றார். இரண்டு குளிர்காலமாக எனக்குப் பனிமேல் சறுக்கும் ஸ்கீயைப் பழக்கியவர் அவர்தான்.

30.03.2025, ஞாயிறு

பெருநாள். தொழுகைக்கு ரயிலில் நகரத்துக்குப் போய் வந்தேன்.

வீடியோவில் மகன் மிஹ்லார் புதுச் சட்டையோடு நின்றான். என் மனைவி ஸம்றா எவ்வளவு சொல்லியும் அவன் என்னோடு கதைக்கவில்லை. உம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டான். நான் இங்கே வந்த பிறகு பிறந்த பிள்ளை, இப்போது நாலு வயது. என் அகதி வழக்கு முடியும்வரை நான் ஊருக்குப் போக முடியாது. அவனுக்கு வாப்பா என்றால் போனுக்குள் இருக்கிற ஒரு ஆள்.

பின்னேரம் குணம் அண்ணன் எங்கேயோ தேடி ஹலால் இறைச்சி வாங்கி வந்தார். இரண்டு பேரும் சமைத்துத் தின்றோம்.

05.04.2025

நாளைக்கு மலை. ரொட்டி சுட்டுவிட்டேன்.

06.04.2025, ஞாயிறு

இன்றே எழுதிவிட வேண்டும்.

விடியும் முன் புறப்பட்டோம். இது இழுவை வண்டி இல்லாத மலை, நடந்துதான் ஏற வேண்டும். ஸ்கீ பலகையின் அடியில் சொரசொரப்பான பட்டையை ஒட்டிக்கொண்டால் பின்னால் வழுக்காது. அவர் முன்னால், நான் அவர் தடத்தில். மூச்சுச் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. உச்சியில் ஓர் இரும்புச் சிலுவை நட்டிருந்தார்கள். ஒரு சைவ சமயக்காரரும் ஒரு முஸ்லிமும் அதில் முதுகைச் சாய்த்து ரொட்டியும் மாசிச் சம்பலும் தின்றோம். அவர் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

பட்டைகளைக் கழற்றி இறங்கும்போது வெயில் ஏறிவிட்டது. "நான் அந்தப் பாறையடிக்குப் போய்க் கையக் காட்டினாப் பொறகு வா," என்று முதலில் அவர் வழுக்கிப் போனார். பாதி வழியில் நெல் மூட்டை விழுந்த மாதிரித் 'தொம்' என்று ஒரு சத்தம். சரிவு குறுக்கே பிளந்தது. பனி மொத்தமாகக் கீழே போனது. அவரைக் காணவில்லை.

ஆளுக்கொரு கருவி நெஞ்சில் கட்டியிருந்தோம். புதைந்தவரை நெருங்க நெருங்க அது வேகமாகக் கத்தும். அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன், விழுந்தேன், ஓடினேன். கலிமாச் சொன்னேனா, அவர் பெயரைச் சொன்னேனா — தெரியவில்லை. அது விடாமல் கத்திய இடத்தில், பையிலிருந்த நீளக் கம்பியால் குத்தியபோது மெத்தென்று ஏதோ தட்டுப்பட்டது. தோண்டினேன். முகம் நீலம். வாயில் இருந்த பனியை விரலால் வழித்து எடுத்தேன். இருமினார்.

போனில் உதவி கேட்டேன். ஹெலிகொப்டர் வரும்வரை அவரை என் மடியில் சாய்த்து வைத்திருந்தேன். அவர் கேட்டார்:

"அஸ்கி, நான் செத்திருந்தா ஆருக்குடா சொல்லியிருப்பாய்?"

மனைவி பிரிந்து போனவர், பிள்ளைகள் இல்லை. அவர் தலையில் ஒட்டியிருந்த பனியைத் தட்டிவிட்டேன்.

"உள்ளுக்க கிடக்கக்குள்ள நானும் அதத்தான் யோசிச்சன். ஒரு பேரும் வரல்ல."

09.04.2025

ஆஸ்பத்திரிக்குப் போனேன். தோள்மூட்டு விலகியிருக்கிறது, வேறு ஒன்றுமில்லை.

"அக்காக்குக் கதைச்சன்," என்றார். அம்மாவின் சாவுக்கு அவர் போகாததிலிருந்து அக்கா அவரோடு கதைப்பதில்லை.

"என்ன சொன்னா?"

"அழுதா. பொறகு, 'வா' எண்டா."

17.05.2025, சனி

குணம் அண்ணன் ஊருக்குப் போகப் போகிறாராம். திரும்பி வருவதாக இல்லை. வீட்டையும் வேலையையும் விட்டுவிட்டார்.

"நல்லம் அண்ணன்," என்றேன்.

நல்லம்தான். அந்த மனிசனுக்கு ஒரு ஊர் இருக்கு, பாஸ்போட் இருக்கு, போகத்தானே வேணும். ஆனா என்னப் பத்தி ஒரு நாளாவது யோசிச்சாரா? நான்தானே கையால தோண்டி எடுத்தன் — இதென்ன எழுத்து. அல்லாஹ் மன்னிக்க வேண்டும்.

02.06.2025

அண்ணனைப் பஸ் ஏற்றிவிட்டேன். மிஹ்லாருக்கு அவர் கையில் ஒரு சோடி சப்பாத்துக் கொடுத்துவிட்டேன். கால் அளவு தெரியாமல் ஒரு மட்டில் வாங்கியது.

29.08.2025, வெள்ளி

சப்பாத்து பெரிசாம். அண்ணன் கல்முனையில் வேறு வாங்கிக் கொடுத்தாராம். வெள்ளிக்கிழமைகளில் பகல் சோற்றுக்கு எங்கள் வீட்டுக்கு வருகிறார். "அவர் வந்து போனா ஊட்டுல ஆள் இருக்கிற மாதிரி இரிக்கி," என்றாள் ஸம்றா. சொல்லிவிட்டு அவளே பேச்சை மாற்றினாள்.

14.11.2025

முதல் பனி. பனி வாரும் வண்டிக்குப் புது ஆள்.

இன்று ஒரு தமிழ்ச் சொல்லும் வாயால் சொல்லவில்லை.

08.02.2026, ஞாயிறு

காலையில் குணம் அண்ணன் வீடியோவில் எடுத்தார். கறுத்துப் போயிருக்கிறார், ஆனால் இளமையாகத் தெரிகிறார்.

"இஞ்ச பாரு, உன்ட மகன் என்ன செய்யிறான் எண்டு," என்று போனைத் திருப்பினார். கடற்கரை ரோட்டில் மிஹ்லார் சைக்கிள் ஓடிக்கொண்டிருந்தான். அண்ணன்தான் பழக்கினாராம். கால் எட்டாமல் எழும்பி எழும்பி மிதிக்கிறான்.

"மகன், வாப்பாவப் பாருங்க," என்று நான் கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்தான். சிரித்தான். அந்தத் திருப்பத்தில் சைக்கிள் சரிந்து விழுந்தான்.

"மாமா!" என்று கத்தினான்.

அண்ணன் போனைப் போட்டுவிட்டு ஓடினார். அது மணலில் மல்லாந்து கிடந்தது போலிருக்கிறது. அழுகைச் சத்தம் கேட்டது. "ஒண்டுமில்லடா ராசா, ஒண்டுமில்ல," என்று அவர் தேற்றுவது கேட்டது. பிறகு இரண்டு பேரும் சிரிப்பது கேட்டது.

போனை எடுக்க யாரும் வரவில்லை. நானும் வைக்கவில்லை. வானம் மட்டும் தெரிந்தது.

அங்கே நல்ல வெயில்.