புரியாமல் சொன்ன எஸ்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம். அவளுக்கு முழங்கால் வலி பாதி குறைந்திருக்கிறது, மீதிப் பாதியை என்னைத் திட்டித் தீர்த்துக்கொள்கிறாள். நீயும் மாப்பிள்ளையும் அங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். உன்னிடம் சொல்லாமல் ஒரு காரியம் செய்திருக்கிறேன், சிரிக்காதே, மூன்று மாதமாக நூலக மாடியில் இங்கிலீஷ் வகுப்புக்குப் போகிறேன். டீச்சருக்கு உன் வயதுதான் இருக்கும், ஆனால் அழுத்தக்காரி. தப்பு எது என்று வாயைத் திறந்து சொல்லவே மாட்டாள். நாங்கள் பேசியதைப் போனில் பதிவு செய்து, "நீங்களே கேளுங்க, எங்க தப்புன்னு நீங்களே குறிச்சிட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவாள். திருத்தாத டீச்சர் எதற்கு என்று அம்மாவிடம் பொரிந்து தள்ளினேன்.

போன வாரம் சமையலறையில் உட்கார்ந்து என் பதிவைக் கேட்டேன். டீச்சர் கேள்வியை முடிப்பதற்குள் நான் எஸ் எஸ் என்கிறேன். எத்தனை பிள்ளைகள் என்றாலும் எஸ், உடம்புக்கு முடியவில்லையா என்றாலும் எஸ். இரண்டு நிமிடத்தில் பதினோரு எஸ். அச்சகத்தில் முப்பது வருடம் மெஷின் இரைச்சலில் முதலாளி சொன்னது காதில் விழாமலே தலையாட்டிப் பழகியவன், அதையே இப்போது வாயால் செய்கிறேன். அம்மா அடுப்பைப் பார்த்தபடியே, "தமிழ் தெரியாத மாப்பிள்ளைகிட்டயும் இப்படித்தானே பேசினீங்க" என்றாள். ஓடிக்கொண்டிருந்த பதிவை நிறுத்தினேன். பத்து மாதமாக அவர் என்னிடம் பேசுவதில்லை. உங்கள் கல்யாணத்தில் எனக்கு இன்னும் கோபமா என்று அவர் போனில் இங்கிலீஷில் கேட்டதாகவும், நான் ஆமாம் என்றதாகவும் சொல்லி நீ அழுதாய். நான் சொல்லவே இல்லை என்று குதித்து, அவரைப் பொய்க்காரர் என்றும் சொல்லிவிட்டேன். அவர் பொய் சொல்லவில்லை கண்ணு. என்ன கேட்கிறார் என்று புரியாமல் நான்தான் எஸ் சொல்லியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. ஆரம்பத்தில் கோபம் இருந்தது உண்மைதான், அது எப்போதோ போய்விட்டது.

இப்போது கேள்வி முடியும்வரை வாயை மூடிக்கொண்டிருக்கப் பழகுகிறேன். புரியாவிட்டால் இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்கிறேன். நேற்றைய பதிவில் நான்கே எஸ், நான்கும் நியாயமானவை. தப்பு எங்கே என்று நானே கண்டுபிடித்ததில் மனசு லேசாக இருக்கிறது.

இருவரும் நன்றாக இருங்கள். நேரத்துக்குச் சாப்பிடு, தலைவலி மாத்திரையைப் பழக்கமாக்கிக்கொள்ளாதே. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன், போனை மாப்பிள்ளையிடம் கொடு. பக்கத்தில் நின்று எடுத்துக்கொடுக்காதே. அன்றைக்குக் கேட்ட கேள்வியை அவர் இன்னொரு தரம் கேட்டால் போதும். முழுக்கக் கேட்டுவிட்டு, நோ என்று சொல்வேன்.

உன் அப்பா