மகியின் பக்கத்தில் நீ நிற்கும் படம்

இயேசு மரி சூசை துணை

ராயபுரம்
13.2.2005

அன்பு மகள் ரேச்சலுக்கு நைனா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று தினமும் மாதாவிடம் கேட்டுக்கொள்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி, ஆனாலும் காலைப் பூசைக்கு நடந்தேதான் போகிறாள். ஹார்பர் பக்கமிருந்து கரித்தூள் வருவது குறையவில்லை, காயப்போட்ட துணியை இரண்டு தரம் உதறித்தான் மடிக்க வேண்டியிருக்கிறது. ஆஸ்பத்திரியில் உனக்கு நைட் டூட்டி மாறிவிட்டதா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

மகிழினி போய்விட்டாள் என்று அம்மா போனில் சொன்ன அன்று நீ ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டாய். அதற்கப்புறம் பேசும்போதெல்லாம் மழை உண்டா, இன்றைக்கு என்ன குழம்பு என்றுதான் கேட்கிறாய். எப்படி நடந்தது என்று கேட்க உனக்கு மனசு வரவில்லை, சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் உன்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, நம் வீட்டில் உன் தட்டிலேயே கை வைத்துச் சாப்பிட்டவள். அவளுக்கு என்ன ஆனது என்று உனக்குத் தெரியாமல் இருப்பது சரியில்லை. அதனால் எழுதுகிறேன். டூட்டிக்குப் போகும் முன் படிக்காதே, ரூமுக்கு வந்தபிறகு படி.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்து கோயிலில் ஒரு ஞானஸ்நானத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். கடல் ரோட்டுக்கு வந்துவிட்டது என்று ஆட்கள் ஓடி வந்தார்கள். கேமராவைக் கழுத்தில் போட்டபடியே டி.வி.எஸ். வண்டியை எடுத்துக்கொண்டு வடக்கே போனேன், முகத்துவாரக்குப்பத்தில் மகி இருக்கிறாளே என்பதுதான் நினைப்பு. திருவொற்றியூருக்கு அப்பால் போலீஸ் விடவில்லை, வண்டியை அங்கேயே போட்டுவிட்டு நடந்தேன். குப்பத்தில் படகுகள் கூரைமேல் கிடந்தன. மகி வீடு இருந்த இடத்தில் மணல் மட்டும்தான் இருந்தது. பக்கத்து வீட்டு அஜீசா, மகியின் குழந்தை அம்முவை மடியில் வைத்துக்கொண்டு ரேஷன் கடை மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "மொதல்ல தண்ணி வந்தப்போ புள்ளைய என் கையில குட்த்துட்டா. நீயும் ஏறிடுடின்னேன். கெயவி படுத்துகினு கீது, இட்டாந்துடறேன்னு வூட்டாண்ட ஓடினா. அப்பால வந்த தண்ணிதான் பெருசு" என்று சொன்னாள். கிழவி என்றது மகியின் மாமியாரை, வாதம் வந்து வருஷக்கணக்கில் படுக்கையில் இருந்தவர். புருஷன் பகலவன் விடியும் முன்பே கடலுக்குப் போயிருந்தான். ஆழத்தில் இருந்தவனுக்கு எதுவும் தெரியவில்லை, கடலடிப் பாறைப் பாரில் நல்ல மீன் பிடித்துக்கொண்டு கரைக்கு வந்தான்.

என் கழுத்தில் கேமராவைப் பார்த்த ஒரு இன்ஸ்பெக்டர் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். பேர் தெரியாத உடம்புகள் நிறைய வந்திருக்கின்றன, முகத்தை எடுத்துக் கொடுங்கள், சொந்தக்காரர்கள் பார்த்து அடையாளம் சொல்லட்டும் என்றார். உனக்குத் தெரியும், உன் தாத்தா ஹார்பரில் மூட்டை தூக்கிக்கொண்டே ஒரு கப்பல்காரனிடம் சொல்லி வாங்கித் தந்த கேமராவில் தொடங்கியது என் பிழைப்பு. எத்தனையோ சவப்பெட்டிகளைச் சுற்றிக் குடும்பத்தை நிற்கவைத்து எடுத்திருக்கிறேன். அன்றைக்குத் தாழ்வாரத்தில் வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே போனேன். ஒரு பெண்ணின் வாய் லேசாகத் திறந்திருந்தது. முன்பல்லில் ஒரு ஓரம் உடைந்திருந்தது. பள்ளிக்கூடத்துக் குழாயடியில் நீ தள்ளிவிட்டதில் உடைந்த பல். அதைப் பார்க்கும்வரை அது மகி என்று எனக்குத் தெரியவில்லை மகளே. முகம் முழுக்க மணல். என் கைக்குட்டையை நனைத்துத் துடைத்தேன், தலைமுடியைக் கையாலேயே ஒதுக்கினேன். கல்யாணப் பெண்களுக்குச் செய்வதுபோல என் கை தானாகப் போய் அவள் மோவாயைக் கொஞ்சம் திருப்பி வைத்தது. அப்புறம்தான் நான் என்ன செய்கிறேன் என்று உறைத்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இன்ஸ்பெக்டர் தோளைத் தொட்டு, தெரிந்தவர்களா என்று கேட்டார். என் பெண்தான் என்று சொன்னேன். எழுந்து எடுத்தேன். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் பகலவன் அவளைத் தேடி வந்து வாங்கிக்கொண்டு போனான். கிழவி கடைசிவரை கிடைக்கவில்லை.

ஜனவரி முழுக்க எனக்கு முகாம்களில்தான் வேலை. ரேஷன் கார்டு, அடையாள அட்டை எல்லாம் கடல் கொண்டுபோய்விட்டதால் எல்லோருக்கும் புதிதாகப் படம் தேவைப்பட்டது. எண்ணூர், காசிமேடு, விம்கோ நகர் என்று தினம் ஒரு பள்ளிக்கூடம். அம்மா தன் வெள்ளைப் போர்வையைக் கொடுத்தாள், அதைச் சுவரில் கட்டி ஒவ்வொருவராக முன்னால் உட்காரவைத்தேன். லேசாகச் சிரிங்க என்று சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், அதை அடக்குவது பெரும்பாடாக இருந்தது. விம்கோ நகரில் பகலவன் வந்தான். தன் படத்தை எடுத்துக்கொண்டபிறகும் போகாமல் நின்றான். "மாமா, அந்த ஆஸ்பத்திரி போட்டோ வேணாம். வூட்ல இருந்த கல்யாண ஆல்பமும் பூட்ச்சு. அவ உசுரோட கீற மாதிரி ஒண்ணு உங்ககிட்ட கீதா?" என்று கேட்டான். அவர்கள் கல்யாணத்தை எடுத்தது பழவேற்காட்டு ஆள், அவர் இறந்தே இரண்டு வருஷமாகிறது. பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். வீட்டில் அம்மாதான், ரேச்சல் மஸ்கட்டுக்குப் போன அன்று மகி வந்தாளே, வாசலில் ஏதோ எடுத்தீர்களே என்றாள். பரணிலிருந்து நெகட்டிவ் டப்பாக்களை இறக்கி இரண்டு பேரும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தோம். கிடைத்தது. டாக்ஸிக் கதவுக்குப் பக்கத்தில் உன் பையை அவள் தோளில் மாட்டிக்கொண்டு, உன் கையைக் கோத்துக்கொண்டு, உடைந்த பல் தெரியச் சிரிக்கிறாள். நீ அழுத முகத்தோடு நிற்கிறாய்.

அவள் முகத்தை மட்டும் தனியாக எடுத்துப் பெரிதாக்கி, மாலை போடுகிற அளவுக்குச் செய்து தருகிறேன் என்று பகலவனிடம் சொன்னேன். நான் போட்டுக் கொண்டுபோயிருந்த சின்னப் பிரிண்டை அவன் கையில் வாங்கிப் பார்த்தான். "வெட்டாதீங்க மாமா. அவ தனியா கெடந்தாளேன்னுதான் எனக்கு ராவெல்லாம் பேஜாரா கீது. ரேச்சலு கூட இருக்கட்டும்" என்றான். அப்படியே போட்டுக் கொடுத்தேன். இப்போது எண்ணூரில் அவர்களுக்குக் கொடுத்திருக்கிற தகர ஷெட்டில் அதைத்தான் மாட்டியிருக்கிறான். மாலை போடவில்லை, நீயும் அதில் இருப்பதால் வேண்டாம் என்றான். உனக்கும் ஒரு பிரிண்ட் இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன்.

போன வாரம் நானும் அம்மாவும் அங்கே போயிருந்தோம். ஷெட்டுக்குள் அனல், ஒரு நிமிஷம் உட்கார முடியவில்லை. பகலவன் இன்னும் கடலுக்குப் போகவில்லை, வலையைத் தொட்டால் கை ஓடவில்லை என்கிறான். அம்மா ஊட்டிவிட்டால்தான் அம்மு சாப்பிட்டாள். சாப்பிட்டுக்கொண்டே படத்தில் உன்னைக் காட்டி, "இந்த அத்தையும் தண்ணியில பூட்ச்சா?" என்று கேட்டாள். இல்லை கண்ணு, அத்தை வெளியூரில் நர்ஸ் வேலை செய்கிறாள், வருவாள் என்று நான் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்து, "அம்மாவும் ஊருக்குத்தான் போயிருக்குன்னு சொன்னாங்க" என்றாள். அம்மா வெளியே போய் நின்றுவிட்டாள்.

ஜூன் மாதம் லீவு கேட்டிருப்பதாகச் சொன்னாய். இந்தத் தடவை தள்ளிப்போடாதே. உன் அழுகையை அங்கேயே அழுது முடித்துவிட்டு வா. வந்ததும் வீட்டுக்குக்கூட அப்புறம் வரலாம், நான் ஏர்போர்ட்டிலிருந்து நேராக எண்ணூருக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். அந்தக் குழந்தைக்கு முன்னால் போய் நின்று, போனவர்களில் ஒருத்தியாவது திரும்பி வருவாள் என்று உன் முகத்தைக் காட்டு.

வெயிலில் தலையை மூடிக்கொண்டு போ, ஜெபமாலையை மறக்காதே. மாதா உன்னைத் தன் கைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். அம்மா சிலுவையம்மாளின் முத்தங்களோடு,

உன் நைனா
சவரிநாதன்