நான்கு முறை வடிகட்டிய டீசல்

நேற்றிலிருந்து கையில் டீசல் வாசனை போகவில்லை. சீயக்காய் போட்டுத் தேய்த்தேன். எலுமிச்சம் மூடியால் தேய்த்தேன். காலையில் வகுப்பில் எடுத்த சாக்பீஸிலும் அதே வாசனை. மத்தியானம் சோற்றில் கை வைத்தவன் எழுந்துவிட்டேன். பசியில்லை என்று அம்மாவிடம் சொன்னேன்.

உன் வாசனை அது. இரண்டு வருடம், பஸ்ஸில் உன் பக்கத்தில் உட்கார ஆட்கள் யோசித்தார்கள்.

உன் அப்பா ஓய்வு பெறுகிறார். மாதக் கடைசிக்குள் மிஷன் காம்பவுண்டு வீட்டைக் காலி செய்ய வேண்டும். திண்டுக்கல்லில் உன் தங்கை வீட்டோடு போய் இருக்கப்போகிறார். சாமான்களை ஒதுக்கியாயிற்று. கொட்டகையில் நிற்கும் காரை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நேற்றுக் காலையில் பழைய இரும்பு வாங்குகிற பாய் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார்.

"தம்பி, டேங்குல கெடக்குறத எறக்கி வச்சிருங்க. கேஸ் வச்சு அறுக்கையில குபீர்னுரும்" என்றார்.

அதனால்தான் நான் வண்டிக்கு அடியில் படுத்தேன். அங்கே கண்டதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். முதலிலிருந்து வராமல் அதை என்னால் சொல்ல முடியாது.

மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா தன் நாட்டுக்குத் திரும்பும்போது உன் அப்பாவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போன கார். ஜெர்மன் வண்டி. டீசல். கருப்பு. பத்து வருடத்துக்கு மேல் கொட்டகையில் நின்றது. பின்சீட்டில் கோழிகள் முட்டையிட்டன.

எமர்ஜென்சி முடிந்த மறுவருடம். நான் எம்.ஏ. முடித்துவிட்டுச் சும்மா இருந்தேன். நீ பாலிடெக்னிக் முடித்துவிட்டுச் சும்மா இருந்தாய். நான் கையில் புத்தகத்தோடு சும்மா இருந்ததால் கொஞ்சம் மரியாதை இருந்தது. உனக்கு அதுவும் இல்லை.

"மாப்ள, இத எந்திரிக்க வச்சுட்டா டாக்ஸிக்கு விட்ரலாம்டா. கொடைக்கானல், ராமேஸ்வரம். கோயில் வாசல்ல வெள்ளக்காரன் அவன் ஊரு வண்டியப் பாத்தா ஏறாமப் போயிருவானா?" என்றாய்.

"ஓட்டுறது யாரு?"

"நான்தான். வேற யாரு, நீயா? உன்னைய விட்டா ஸ்டியரிங்கையும் படிச்சுக்கிட்டே போயிருவ."

சாருக்கு இது பிடிக்கவில்லை. உனக்கு அப்பா என்றாலும் எனக்கு அவர் தலைமையாசிரியர்தான். "எங்கிட்டப் படிச்சவன் பின்சீட்ல உக்காந்து 'ஓரமா நிறுத்துப்பா'ம்பான். நீ எறங்கிப் போயிக் கதவத் தெறந்துவிடுவ. அதுக்கா படிக்க வச்சேன்?" என்றார். துபாயில் இருந்த உன் மாமா விசாவுக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். நீ அதைப் பற்றிப் பேசவே மாட்டாய். நானும் கேட்க மாட்டேன். இந்த வண்டி ஓடினால் நீ மதுரையில் இருப்பாய். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த கணக்கு.

இப்போது நினைத்தால் துண்டு துண்டாகத்தான் வருகிறது.

டேங்கைக் கழற்றி, உள்ளே சரளைக்கல்லும் மண்ணெண்ணெயும் போட்டு, ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் குலுக்கினோம். காம்பவுண்டு முழுக்கக் காதைப் பொத்திக்கொண்டது. துரு டீ நிறத்தில் வழிந்தது. மறுநாளும் குலுக்கினோம். அதற்கு மறுநாளும்.

என்ஜினுக்கு டீசல் தள்ளும் பம்பை மட்டுமாவது மெக்கானிக் கடையில் கொடுக்கச் சொன்னார் சார். நீ கேட்கவில்லை. கோரைப்பாயின் மேல் வெள்ளைத் தாளை விரித்து, கழற்றிய வரிசையிலேயே ஒவ்வொன்றையும் வைத்து, பென்சிலால் எண் போட்டாய். டாக்டரம்மாவின் கைப்புத்தகத்தை நான் இங்கிலீஷில் வாசித்துத் தமிழில் சொன்னேன். மின்விசிறியை நிறுத்தச் சொன்னாய். சித்திரை மாதம். உன் மூக்கு நுனியில் வேர்வை தொங்கியது. அது பம்பில் விழுந்துவிடாமல் அவ்வப்போது என் துண்டால் துடைத்தேன்.

அந்த வண்டியைச் சாவி போட்டதும் கிளப்ப முடியாது. ஒரு குமிழை இழுத்துப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். டாஷ்போர்டில் சின்ன ஓட்டைக்குள் ஒரு கம்பிச்சுருள் மெல்லச் சிவக்கும். அது சிவந்தால்தான் என்ஜினுக்குள் சூடு ஏறியிருக்கிறது என்று அர்த்தம். உன்னிடம் கைக்கடிகாரம் கிடையாது. பரமண்டல ஜெபத்தை ஒரு தடவை சொல்வாய். ஆமென் வரும்போது கம்பி சிவந்திருக்கும்.

சார் ஒருநாள் இதைக் கேட்டுவிட்டார். "ஜெபத்த ஸ்டார்ட்டருக்காடா சொல்ற?"

"பிடிச்சுக்கிருதுல்லப்பா."

அவர் திரும்பி நடந்தார். தோள் குலுங்கியது. சிரித்திருப்பார் என்று நீ சொன்னாய்.

டீசல் வடிகட்டுவது என் வேலை. நானே கேட்டு வாங்கிய வேலை. கீழக்குயில்குடியில் பம்புசெட் வைத்திருந்த ஒருவரின் பீப்பாயிலிருந்து சைக்கிளில் கேன் கட்டிக் கொண்டுவருவோம். அதில் துரு, தூசி, செத்த பூச்சி. எங்கள் வீட்டில் எதையும் வடிகட்டாமல் பாத்திரத்தில் ஊற்ற மாட்டார்கள். குடிதண்ணீர், நெய், டிகாஷன், கஷாயம். எல்லாவற்றுக்கும் அப்பாவின் நைந்த வேட்டிதான். புதுத் துணியில் கஞ்சி இருக்கும், நைந்ததுதான் சுத்தம் என்பாள் அம்மா. பச்சைக் கரை வேட்டி ஒன்றைக் கிழித்துக் கொண்டுவந்தேன். ஒவ்வொரு கேனையும் நான்கு முறை வடிகட்டினேன். கடைசி முறை துணியை முறுக்கிப் பிழிந்தேன், சொட்டு வீணாகக் கூடாதென்று.

நீ கண்ணாடி டம்ளரில் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்த்தாய். "டீசலாடா இது? குடிக்கலாம் போலருக்கே."

எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த இரண்டு வருடத்தில் உருப்படியாக நான் செய்தது அது ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன்.

வண்டி ஓடியது. காம்பவுண்டுக்குள், பிறகு பசுமலை வரை. அதற்குள் விசாவும் வந்துவிட்டது. டாக்ஸி பர்மிட்டுக்கு வண்டிச் சொந்தக்காரர் கையெழுத்து வேண்டும். சார் ஒருநாள் சாப்பிட்டு எழுந்து கை துடைத்துக்கொண்டே சொன்னார்: "வெள்ளிக்கெழம பேரையூர்ல ஸ்கூல் இன்ஸ்பெக்ஷன். பஸ்ஸுக்குப் பதிலா உன் வண்டியில வாரேன். யாரும் தள்ளாம போய்ட்டு வந்துட்டா கையெழுத்துப் போடுறேன்."

டேங்க் நிறைய ஊற்றினேன். எல்லாம் நான் வடிகட்டியது.

நீ வெள்ளைச் சட்டை போட்டிருந்தாய். சார் குடையும் ஃபைல்களுமாகப் பின்சீட்டில் உட்கார்ந்தார். நான் முன்னால், உன் பக்கத்தில். நீ இறங்கிப் போய் அவருக்குக் கதவைச் சாத்தினாய். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. திருமங்கலம் வரை அந்த வண்டி போன போக்கு. ஜன்னலில் காற்று. பின்னாலிருந்து ஏதோ முனகல் கேட்டது. நீ கண்ணாடியைக் கண்ணால் காட்டினாய். சார் கீர்த்தனை பாடிக்கொண்டு வந்தார், தான் பாடுவது தெரியாமல்.

திருமங்கலம் தாண்டிப் பருத்திக்காட்டு நடுவில் வண்டிக்கு மூச்சு வாங்கியது. நின்றது.

டீசல் குழாயில் காற்று புகுந்திருக்கும் என்று திருகுகளைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்துக் காற்றை எடுத்தாய். கிளம்பியது. இரண்டு பர்லாங் போய் நின்றது. மறுபடி எடுத்தாய். அன்று காலையில்தான் புது ஃபில்டர் போட்டிருந்தாய், அதைச் சந்தேகிக்க ஒன்றுமில்லை. ஐந்தாவது முறை நின்றபோது நீ பம்பைப் பார்த்தபடி குந்தி உட்கார்ந்துவிட்டாய். பேரையூர் பஸ் வந்தது. சார் கை காட்டினார்.

கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "என்ன சார், பிளசர் படுத்துக்கிருச்சா? ஏறுங்க, நம்ம வண்டி தள்ளாமப் போகும்" என்றார். பஸ்ஸுக்குள் சிரித்தார்கள். சார் ஃபைல்களை எடுத்துக்கொண்டார். ஏறிக்கொண்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

டிராக்டரில் கட்டி இழுத்து வந்தோம். நீ வண்டியைக் கொட்டகையில் விட்டுக் கதவைச் சாத்தினாய். "பம்ப நான் பிரிச்சிருக்கக் கூடாது மாப்ள." அதற்குப் பிறகு நீ அதைத் தொடவில்லை. ஆடி பிறப்பதற்குள் பம்பாய் ரயிலில் ஏறிவிட்டாய்.

துபாயில் தண்ணீர் லாரி ஓட்டினாய். வொர்க்‌ஷாப்பில் வேலை என்று வீட்டுக்கு எழுதினாய். எனக்கு மட்டும் உண்மை. "இங்க எல்லாம் டீசல் வண்டிதான். எதையும் நான் பிரிக்கிறதில்ல. ஓட்டுறதோட சரி." அந்த வரியைப் படித்துவிட்டு ஏதோ பதில் எழுதினேன். என்ன எழுதினேன் என்று நினைவில்லை. லாரி கவிழ்ந்தது என்று தந்தி வந்தது. உன்னை அங்கேயே அடக்கம் செய்தார்கள். உன் அப்பா இரண்டு நாள் அறையை விட்டு வரவில்லை. மூன்றாம் நாள் பள்ளிக்கூடம் போனார்.

நேற்று.

டேங்கின் அடித்திருகைக் கழற்றினேன். அதோடு ஒட்டி விரல் நுனி அளவில் ஒரு வலை இருந்தது. டேங்கை விட்டு வெளியேறும் டீசல் அதன் வழியாகத்தான் போக வேண்டும். வலையைச் சுற்றி வெள்ளையாக, விளக்குத் திரி மாதிரித் தடித்திருந்தது. உரித்துப் பார்த்தேன். பஞ்சு. நைந்த நூல்கள். நடுவில் பச்சை நூல் ஒன்று.

அப்பாவின் வேட்டிக் கரை.

வெகுநேரம் அப்படியே கிடந்தேன். சட்டை முழுக்க டீசல் ஊறிவிட்டது.

பிறகு வலையைக் கழுவிப் பூட்டினேன். ஒரு கடையில் பாட்டரி வாடகைக்கு எடுத்தேன். பங்க்கிலிருந்து ஒரு கேன் டீசல் வாங்கி வந்து வடிகட்டாமல் ஊற்றினேன். நீ செய்ததைப் பார்த்திருக்கிறேன், அதே வரிசையில் காற்றை எடுத்தேன். குமிழை இழுத்துப் பிடித்தேன். சாயங்காலம் நாலரை மணிக்குப் பிடித்தது. புகை, பிறகு சீரான சத்தம். ஒரு திணறல் இல்லை. நீ பிரித்துப் பூட்டிய பம்பு. நிறுத்த எனக்கு மனமில்லை. கேனில் இருந்தது தீர்ந்து தானாக நிற்கும் வரை பக்கத்திலேயே நின்றேன்.

சார் எப்போது வந்து கொட்டகை வாசலில் நின்றார் என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். வேட்டி, நான்கு முறை, முறுக்கிப் பிழிந்தது. அந்தப் பச்சை நூலை உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"இத எங்கிட்ட எதுக்குப்பா சொல்ற? அவன்கிட்டல்ல சொல்லணும்."

போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை.

"எம்புட்டு நேரம் ஓடுச்சு?"

"ஒண்ணேகால் மணி நேரம் சார்."

பானெட்டின் மேல் கை வைத்தார். சுட்டிருக்கும். எடுக்கவில்லை.

"பேரையூர் போயிருக்கும்" என்றார்.

இரும்புக்கார பாயை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். வண்டி இனி என்ன ஆகும் என்று தெரியாது. திண்டுக்கல் வீட்டில் அதை நிறுத்த இடமில்லை.

ஒன்றை இன்னும் சொல்லவில்லை. அன்று பஸ் போன பிறகு, தூசி அடங்கிய பிறகு, நீ வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாய். வேலை எதுவும் செய்யவில்லை. சும்மா படுத்திருந்தாய். உன் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. உள்ளேயிருந்து கேட்டாய்: "நான் எங்கடா மாப்ள தப்புப் பண்ணுனேன்?"

"நீ ஒண்ணும் பண்ணலடா" என்றேன்.

நீ சிரித்தாய். ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று உனக்குத் தெரிந்துவிட்டது. ஆமாம், ஆறுதலுக்குத்தான் சொன்னேன். பம்பில்தான் ஏதோ விட்டுவிட்டாய் என்று நானும் நம்பிக்கொண்டுதான் அதைச் சொன்னேன். சொன்னது அத்தனையும் உண்மையாக இருந்தும் என் குரல் உனக்குப் பொய்யாகக் கேட்டது.

அதை உண்மையாகச் சொல்கிற குரல் எனக்கு நேற்றுத்தான் வந்தது. அதை வைத்துக்கொண்டிருக்கிறேன்.