ரீத்தா வாசிக்காத வரி

ரீத்தாவின் அம்மாவுக்கு,

இதுதான் நானே எழுதும் முதல் கடிதம். ஒரு வரி முடிவதற்குள் காப்பி ஆறிவிடுகிறது. இருந்தாலும் சந்தோஷமாக இருக்கிறது.

திருயாத்திரை போன நீங்கள் எல்லாரும் எருசலேமிலிருந்து அனுப்பும் படங்களைப் பங்கு மக்கள் பார்ப்பதற்காக நம் மகள் ரீத்தா பீரோமேல் வைத்த சர்வர் பெட்டி, கரண்ட் போனாலும் பேட்டரியில் ஓடுகிறது. நேற்று வந்த படத்தில் எல்லாரும் இருந்தார்கள். உன்னைத் தேடினேன்.

"அம்மா எங்கத்தா?"

"அம்மாதான்ப்பா போட்டோ எடுத்திருக்கு."

"அதுக்குப் போனைப் புடிக்கவே தெரியாதே."

"கத்துக்கிருச்சு. இந்த வயசுல நீங்க எழுத்துக் கத்துக்கிரலையா?"

படத்துக்குக் கீழே இருந்ததை ரீத்தாவே வாசித்தாள்: "எல்லாரும் சுகம்."

அவள் அடுப்படிக்குப் போனதும் நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். 'ஆஸ்பத்திரியில் இருக்கும் லூர்து அக்காவுக்காகச் செபியுங்கள்' என்று இருந்தது. திரும்பத் திரும்பப் படித்தேன். உன் பெயர்தான் இருந்தது.

அவளிடம் கேட்கவில்லை. எனக்குத் தெரியாது என்று நினைப்பதால்தான் அவள் அழாமல் சமைக்கிறாள்.

இதைப் படம் பிடித்து, உங்களோடு வந்திருக்கும் ஃபாதர் போனுக்கு அனுப்புகிறேன். உனக்குக் காட்டுவார். பதிலை நீயே எழுது. கோணலாக இருந்தாலும் சரி, ஒரு வரி போதும். உன் கையெழுத்தைப் பார்த்துத்தான் நான் எழுதப் பழகினேன். வேறு யார் எழுதினாலும் கண்டுபிடித்துவிடுவேன்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்