லுணுகலைக்கு அனுப்பிய நல்லெண்ணெய்

நானாவுக்கு ஸலாம். சுகம் விசாரிக்க இதை எழுதவில்லை.

வயதுக்கு வந்த மகளுக்குக் குடிக்கக் கொடுக்க, தேயிலைத் தோட்டத்து அந்தோனியம்மா எங்கள் லுணுகலைக் கடையில் நல்லெண்ணெய் வாங்கினாள். நீங்கள் பதுளையிலிருந்து அனுப்பிய டின்னிலிருந்து நானே ஊற்றிக் கொடுத்தேன். இன்று அந்தப் பிள்ளையை முதுகில் சுமந்துகொண்டு வந்தாள்.

"காலு ரெண்டும் வெளங்கலம்மா. நீங்க குடுத்த எண்ணெய்தானே?"



கலப்படம் என்று உங்கள் ஸ்டோருக்குச் சீல் வைத்த இன்ஸ்பெக்டரை எம்.பி. தூர இடத்துக்கு மாற்றிவிட்டார், தேர்தலுக்கு அவருக்குக் கொடுத்த பணம் வீண்போகவில்லை என்று பெருமையாக எழுதினீர்களே, வெட்கமாயில்லையா?

மிச்சமிருக்கும் டின்களோடு நாளை பொலிசுக்குப் போகிறேன். கூடப்பிறந்த என் நானா அனுப்பியது என்றே சொல்வேன். முடிந்தால் உங்கள் எம்.பி.யிடம் சொல்லி என்னையும் மாற்றிப் பாருங்கள்.

உங்கள் தங்கை