மூன்றாவது ஓட்டையில் மஞ்சள் ஒயர்

நவம்பர் 10, திங்கள்

காலையிலிருந்து தூறல். கொடி முழுக்க என் வீட்டுக்காரரின் பனியன், ஒன்றும் காயவில்லை.

இன்றைய வேலை:
– மூலை வீட்டு சாரின் மிக்ஸி. கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தது. புதுசு போட்டாச்சு. ஓடுகிறது.
– நம் கிரைண்டர் பெல்ட். நாளைக்கு.
– டியூஷன் டீச்சர் வீட்டு வா.மெ. தொட்டால் சுர்ரென்கிறதாம்.

வா.மெ. என்றால் வாஷிங் மெஷின். முழுசாக எழுத சோம்பல்.

டீச்சர் வீட்டு சுவரிலிருக்கும் பிளக் பாயிண்ட்டைக் கழற்றினால் நினைத்தபடியேதான். மேலே இருக்கும் பெரிய ஓட்டை, எர்த் ஓட்டை, வெறும் ஓட்டை. பின்னால் ஒயரே இல்லை. மாடம்பாக்கத்தில் பாதி வீட்டுக்கு இதே கதை. கட்டி விற்றவர் எர்த் இழுக்காமலே மூன்று ஓட்டை பிளக் மாட்டிவிட்டுப் போயிருப்பார்.

என் வைத்தியம்: மெயினை ஆஃப் செய். பழைய காலிங்பெல் ஒயரில் விரல் நீளத் துண்டு, மஞ்சள் நிறம். ஒரு முனை மூன்றாவது ஓட்டைக்கு, இன்னொன்று பக்கத்திலிருக்கும் நியூட்ரலுக்கு. முடுக்கு. மெயின் ஆன். மெஷின் மேல் டெஸ்டரை வைத்தால் எரியவில்லை. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. டீச்சர் மெஷினை இரண்டு தடவை தட்டிப் பார்த்து, இனிமேல் எலக்ட்ரீஷியனே வேண்டாம் என்று சிரித்தாள்.

நாலு வருஷம் முன்னால் நம் வீட்டு வா.மெ. இப்படி அடித்தபோது, ஃபேன் மாட்ட வந்தவர் சொல்லிக் கொடுத்த வழி. அதற்கப்புறம் நானே நாலைந்து வீட்டில்.

நான் வேலை பார்த்த கம்பெனியை மூடியபின் இரண்டு வருஷம் என்னை ஒருத்தர் எதற்கும் கூப்பிட்டதில்லை. இப்போது தெருவே கூப்பிடுகிறது. கர்வமாகத்தான் இருக்கிறது. இருக்கக் கூடாதா?

நவம்பர் 11, செவ்வாய்

பலத்த மழை. எழுத்து கோணல்.

பதினொரு மணிக்கு எதிர்வீட்டு விஜயா போன். அவர்கள் வீட்டில் மட்டும் கரண்ட் இல்லையாம், வந்து பார்க்க முடியுமா என்றாள். குக்கர் வைத்திருந்தேன். பத்து நிமிஷத்தில் வருகிறேன் என்றேன்.

அந்தப் பத்து நிமிஷத்தில் ஃப்ரிட்ஜுக்கு அடியில் தேங்கிய தண்ணீரைத் துடைக்கலாம் என்று அதை இழுத்திருக்கிறாள். தூக்கி எறிந்துவிட்டது.

நான் போனபோது சமையலறைச் சுவரோடு உட்கார்ந்திருந்தாள். இடது கை விரல்கள் மடங்கி, இரண்டு நுனி வெந்து வெள்ளையாக. இடுப்பு மேடையில் இடித்திருக்கிறது. "கரண்ட் இல்லேன்னுதானே தொட்டேன். இல்லேன்னுதானே தொட்டேன்." இதையே திரும்பத் திரும்ப.

ஆட்டோ. கிளினிக். இசிஜி நார்மல். கை ஒட்டிக்கொள்ளாமல் உதறிவிட்டதால் பிழைத்தார் என்று டாக்டர் சொன்னார். அவள் கேட்கவில்லை. நான் கேட்டேன்.

கொண்டுவந்து படுக்க வைத்துவிட்டு டெஸ்டரோடு சமையலறைக்குப் போனேன். விளக்கு எரியவில்லை. ஃபேன் சுற்றவில்லை. ஆனால் ஃப்ரிட்ஜ் கதவில் டெஸ்டர் எரிகிறது. பிளக்கின் ஓட்டைகளில் வைத்தால் மூன்றிலும் எரிகிறது. இப்படி நான் பார்த்ததே இல்லை.

வாசல் போர்டில் பழைய பீங்கான் ஃபியூஸ் கட்டை இரண்டு. ஃபேஸ் கட்டை நன்றாக இருக்கிறது. நியூட்ரல் கட்டையில் கம்பி போயிருந்தது. மெயினை ஆஃப் செய்துவிட்டு பிளக்கைக் கழற்றினேன். உள்ளே என் மஞ்சள் ஒயர். நான் முடுக்கிய திருகு, நான் மடித்த முனை.



விஜயாவின் கணவர் ஆபீஸிலிருந்து போன் செய்தார். மழை ஈரம்தான் காரணமாக இருக்கும், இல்லையா என்று கேட்டார். ஆமாம், ஈரம்தான் என்றேன்.

ஒயரைப் பிடுங்கி கைப்பையில் போட்டுக்கொண்டேன். கம்பி மாற்றினேன். விளக்கு வந்தது. கிளம்பும்போது விஜயா நல்ல கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ மட்டும் இல்லேன்னா என்ன ஆயிருக்கும் மல்லிகா" என்றாள்.

சாப்பிடப் பிடிக்கவில்லை.

நவம்பர் 12, புதன்

மழை விட்டிருக்கிறது. வெயில் இல்லை.

பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் படம் போட்டுப் பார்த்தேன். மூன்று தடவை. மூன்றிலும் அதே விடை.

கரண்ட் வருவது ஃபேஸில், திரும்பிப் போவது நியூட்ரலில். அந்தத் திரும்பும் வழி எங்காவது அறுந்தால், வந்த கரண்ட் வீட்டு நியூட்ரல் முழுக்க அப்படியே தேங்கி நிற்கும். என் மஞ்சள் ஒயர் அதை இரும்பு உடம்புக்குக் கொண்டுபோய் விடும். விளக்கு எரியாது, அதனால் கரண்ட் இல்லை என்று நினைத்துத் தொடுவார்கள். நான் ஷாக்கை நிறுத்தவில்லை. பெரிய ஷாக்காகச் சேர்த்து வைத்திருக்கிறேன்.

ரா.கீ. (ராஜகீழ்ப்பாக்கம்) ஜங்ஷன் எலக்ட்ரிகல் கடைக்குப் போனேன். யாரோ செய்தது போலக் கேட்டேன். கடைக்காரர் திருகு எண்ணிக்கொண்டே, நிமிராமல் சொன்னார்: "அது கொலகார வேலைக்கா. எவன் பண்ணான்?"

தெரியாது என்றேன். நேற்று ஒரு பொய், இன்று ஒன்று.

சரியான வழி என்று அவர் சொன்னது: வெளியே குழி, இரும்புக் குழாய், கரி, உப்பு, அதிலிருந்து பச்சை ஒயர். கூடவே ஷாக் அடித்தால் தானாக விழுந்துவிடும் சுவிட்ச். வீட்டுக்கு வீடு.

வீட்டில் இவரிடம் மட்டும் சொன்னேன். பிறகு, "எடுத்தாச்சு இல்ல, விடு. போய்ச் சொன்னேன்னா போலீஸ் வரைக்கும் போகும்" என்றார். பயந்துதான் சொன்னார். எனக்கும் அதே பயம்தான்.

ரிப்பேர் நோட்டில் எல்லாம் இருக்கிறது, யார் வீட்டு எந்த மிக்ஸி, எந்த பெல்ட். இது மட்டும் இல்லை. பத்து நிமிஷ வேலையை யார் எழுதுவார்கள். ஞாபகத்திலிருந்து:

1. நம் வீடு – வா.மெ.
2. விஜயா – ஃப்ரிட்ஜ் (எடுத்தாச்சு)
3. டீச்சர் – வா.மெ.
4. மூலை வீட்டு சார் – கிரைண்டர்
5. பின்தெரு தனம் – மீன் ஃப்ரீசர்
6. ?

ஆறு என்று போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். ஏதோ இருக்கிறது. வரமாட்டேன் என்கிறது.

நவம்பர் 13, வியாழன்

மேகமூட்டம். புழுக்கம்.

1 எடுத்தாச்சு. இனிமேல் துணி கையால்தான்.

3: டீச்சரிடம் சும்மா செக் பண்ண வந்தேன் என்றேன். ஒயரை எடுத்துவிட்டு, சரியான எர்த் போடும்வரை மெஷினைத் தொடாதே என்றேன். ஏன் என்றாள். புது முறை வந்திருக்கிறது என்றேன். திங்கட்கிழமை சூப்பராக இருந்தது வியாழக்கிழமை எப்படிப் பழசாகும் என்று அவள் கேட்கவில்லை. முகம் கேட்டது.

4: சார் கேட்டைத் திறக்கவே இல்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, "நல்லா ஓடறத எதுக்கும்மா நோண்டறீங்க? அடுத்த வாரம் பாக்கலாம்" என்றார். உள்ளே அவர் மனைவி கிரைண்டரில் மாவு அரைக்கும் சத்தம். ஈரக்கையோடு மாவைத் தள்ளிவிட்டுக்கொண்டிருப்பார். நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். உண்மையைச் சொன்னால் திறந்துவிடுவார். சொல்லவில்லை. வந்துவிட்டேன்.

என் மேலேயே எரிச்சல். மானம் பெரிதா, அந்தம்மா உயிர் பெரிதா?

5: தனம் வீடு பூட்டு. போன் எடுக்கவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

திரும்ப மழை. பத்து மணிக்கே தனம் வீட்டுக்குப் போனேன்.

தனம் கோவளம் பக்கத்து மீனவக் குடும்பம். விடியும் முன்னே கடற்கரைக்குப் போய் மீன் எடுத்து வந்து ரா.கீ.யில் விற்பாள். மிஞ்சியது ஃப்ரீசரில். வீட்டுக்கு வந்ததும் அவள் தொடும் முதல் சாமான் அதுதான். செருப்பில்லாத கால், கையெல்லாம் தண்ணீர், தரையெல்லாம் தண்ணீர். விஜயா காலில் ரப்பர் செருப்பாவது இருந்தது.

வீடு பூட்டியே இருந்தது. போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஃப்ரீசர் ஓடும் சத்தம் கேட்கிறதா என்று ஜன்னலில் காதை வைத்தேன். மழைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. ஓடவில்லை என்றால் நியூட்ரல் போயிருக்கிறது என்று அர்த்தமா? தெரியாது. தெரியாமல் எப்படி நிற்பது?

மீட்டர் போர்டு வெளியே, சன்ஷேடுக்குக் கீழே. இங்கேயும் இரண்டு பீங்கான் கட்டை, மெயின் சுவிட்ச் வீட்டுக்குள். ஃபேஸ் கட்டையைப் பிடுங்கினால் தனம் தப்பினாள். தப்பாக நியூட்ரலைப் பிடுங்கினால் நானே அவளைக் கொன்ற மாதிரி. கையை முந்தானையில் துடைத்தேன், திரும்பத் துடைத்தேன். திருகில் டெஸ்டரை வைத்தால் எரிகிறதா இல்லையா, பகல் வெளிச்சத்தில் தெரியவில்லை. கையால் மறைத்துக்கொண்டு பார்த்தேன். இடது கட்டையில் எரிந்தது, அதுதான் ஃபேஸ். இன்னொரு தடவை. இடதுதான்.

பிடுங்கினேன். சட்டியைப் போல அதை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தேன்.

பதினொன்றரைக்கு தனம் கூடையோடு வந்தாள். என் மடியைப் பார்த்தாள்.

"இன்னாக்கா, கட்டைய எதுக்கு புடுங்கிகினு குந்திகினு கீற? உள்ள ஞாயித்துக்கெழம ஆர்டர் மீனு கீது. பேஜார் பண்ணாத, மாட்டு."

சொன்னேன். முதல் தடவையாக முழுசாக. விஜயா விரல், மஞ்சள் ஒயர், ஈரம்தான் என்று நான் சொன்ன பொய், எல்லாம். மழையில் நின்றுகொண்டே கேட்டாள். கூடையை இறக்கவில்லை.

"அப்போ இத்தினி நாளா நா தெனம் சாவத்தான் தொட்டுகினு இருந்தனா?"

"ஆமா தனம்."

கூடையை இறக்கினாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். திட்டினாள். அந்த வார்த்தையெல்லாம் இங்கே எழுத மாட்டேன். ஒன்றும் தப்பில்லை. திட்டி முடித்ததும் சாவி எடுத்துக் கதவைத் திறந்தாள். "வா. வந்து புடுங்கு அத்த. எனக்கு முன்னாடி புடுங்கு."

பிடுங்கினேன். மீனையெல்லாம் ஐஸ் போட்டுப் பெட்டியில் மாற்ற நானும் கூட நின்றேன். போகும்போது கேட்டாள்: "எதிர்வூட்டு அக்காகிட்ட சொல்ட்டியா?"

இல்லை என்றேன்.

"சரிதான்" என்றாள். அதுவே போதுமாக இருந்தது.

நேராக மூலை வீடு. கேட்டுக்கு வெளியே நின்றே உண்மையைச் சொன்னேன். சார் முகம் சுருங்கிவிட்டது. திறந்தார். 4 எடுத்தாச்சு. மிக்ஸியையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், வேறு ஆளிடம் காட்டிக்கொள்கிறேன் என்றார். புரிந்தது. அங்கிருந்து டீச்சர் வீடு. அவளிடமும் சொன்னேன். அவள் அழுதாள்.

நவம்பர் 15, சனி

மழை இல்லை. காலை 8.

பட்டியலில் ஐந்தும் முடிந்தது. ஆறாவது கேள்விக்குறியை அடித்துவிடலாமா என்று பேனாவை எடுத்தேன், வைத்தேன். முதலில் விஜயா. இவர் என் செருப்பை எடுத்து வைத்தார்.

காலை 9.15. ஆட்டோவில். குலுங்குகிறது.

விஜயா கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு காபி குடித்துக்கொண்டிருந்தாள். எனக்கும் ஒரு டம்ளர் வைத்தாள். நான் மஞ்சள் ஒயரை டம்ளர் பக்கத்தில் வைத்தேன். இது உன் ஃப்ரிட்ஜ் பிளக்கில் நான் போட்டது, உனக்கு ஷாக் அடித்தது இதனால்தான், செவ்வாய்க்கிழமையே எனக்குத் தெரியும், மறைத்துவிட்டேன் என்றேன். நாலு வாக்கியம். ராத்திரியெல்லாம் ஒத்திகை பார்த்தது.

ஒயரையே பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. அப்புறம் மெதுவாக:

"இதே மாதிரிதானே சுதாவுக்கும் சொல்லிக்குடுத்த?"

சுதா அவள் பெண். ஊரப்பாக்கம். ஆடி மாசம், கைக்குழந்தையோடு தனியாக இருக்கிறாள், பாத்ரூம் ஹீட்டர் பைப்பைத் தொட்டால் சுள்ளென்கிறது என்று விஜயா சொன்னாள். நான் இந்த சமையலறையிலேயே நின்று வீடியோ காலில் சொல்லிக் கொடுத்தேன். கிரீன் இல்லேன்னா எந்த ஒயரும் போதும் சுதா, சின்னத் துண்டு.

ஆறாவது. வேறொருத்தி கையால் செய்த என் வேலை.

விஜயா நல்ல கையால் போன் போட்டாள். எடுக்கவில்லை. திரும்பப் போட்டாள். எடுக்கவில்லை. ஒன்பது மணிக்குக் குழந்தையைக் குளிப்பாட்டுவாள் என்றாள். சுவர்க் கடிகாரத்தில் எட்டு ஐம்பத்தேழு. மூன்றாவது தடவை. நான் சாமி பெயர் எதையும் சொல்லவில்லை, சொல்ல வாய் வரவில்லை.

நாலாவது தடவை எடுத்தாள்.

"மெயின ஆஃப் பண்ணு. எதுவும் கேக்காத. பாத்ரூமுக்குள்ள போகாத, மெயின ஆஃப் பண்ணு."

குழந்தை அழும் சத்தம். பிறகு சுதா, "பண்ணிட்டேம்மா. என்னம்மா?"

விஜயா போனை வைத்துவிட்டு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் கிட்டே போனேன். "தொடாத" என்றாள்.

சரி, நான் மட்டும் போய்ச் சரிசெய்துவிட்டு வருகிறேன் என்று வீட்டுக்குப் போய்ப் பையை எடுத்து வந்தேன். விஜயா வேறு புடவை கட்டிக்கொண்டு வாசலில் தயாராக நின்றிருந்தாள்.

10.40. ரயிலில்.

தாம்பரத்தில் ஏறினோம். லேடீஸ் பெட்டி, ஜன்னல் ஓரம் அவள், எதிரே நான். பெருங்களத்தூர் தாண்டியது. வண்டலூர் தாண்டியது. பையில்: டெஸ்டர், ஸ்க்ரூடிரைவர், டேப், வழியில் வாங்கிய அந்தத் தானாக விழும் சுவிட்ச், பச்சை ஒயர் சுருள். குழாயும் கரியும் ஊரப்பாக்கத்திலேயே வாங்கிக்கொள்ளலாம். எலக்ட்ரீஷியன் ஒருத்தரை வரச் சொல்லியாச்சு. அவர் செய்யட்டும், நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

விஜயா பையைத் தன் பக்கம் இழுத்து, சுருளை வெளியே எடுத்தாள். ஒரு கையால் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எத்தன மீட்டர்?"

"பதினஞ்சு."

"போதுமா?"

தெரியவில்லை என்றேன். இந்த வாரத்தில் அவளிடம் யோசிக்காமல் சொன்ன முதல் நிஜம்.

சுருளைப் பையில் திருப்பிப் போடவில்லை. மடியில் வைத்துக்கொண்டாள்.

ஊரப்பாக்கம். இறங்க வேண்டும்.